ஆறாம் நம்பர் மலையில் கவிழ்ந்திருந்த சிரட்டைகள்

உலகத்தில் உள்ள துப்பறியும் நிபுணர்கள் எல்லோரையும் ஒரே லொறியில் ஏற்றி, எங்கள் பஸாரில் வாப்பாவின் கடைக்கு முன்னால் இறக்கிவிட்டு, "லயத்தானுடைய சாவில் உண்மை என்ன?" என்று கேட்டால், அவர்கள் முதலில் பிளேன்டீ கேட்பார்கள். பிறகு கெமரா, பூதக்கண்ணாடி, மோப்ப நாய் எல்லாவற்றையும் கடைப் படியில் விட்டுவிட்டு, மூன்று மைல் மேடு ஏறி, றப்பர் தோட்டத்தின் மேற்பிரிவான மேக்கணக்கில், தொழிலாளர் வீட்டு வரிசைகளில் மூன்றாவதான மூன்றாம் லயத்தில், ஏழாவது காம்பராவின் கதவைத் தட்டி, "கிருஷ்ணகுமாரி அக்கா, நாங்கள் தோற்றுவிட்டோம், உங்கள் கட்டுரைக் கொப்பியைக் கொஞ்சம் தாருங்கள்" என்பார்கள். அக்கா திறக்கமாட்டார். அந்த நேரத்தில் அவர் பால் வெட்டப் போயிருப்பார். நாய் மட்டும் அவரைத் தேடி மலைக்குப் போய், மோப்பம் பிடிப்பது எப்படி என்று படித்துக்கொண்டு வரும்.

இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். நாய் விஷயம் மட்டும்.

கிருஷ்ணகுமாரி அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. பதினெட்டு வருடமாகப் பால் வெட்டுகிறார். விடியும்போது கத்தியும் வாளியுமாக றப்பர் மலைக்குப் போய், மரத்துக்கு மரம் பட்டையில் மெல்லிசாக ஒரு கோடு சீவி, வடிகிற பாலைச் சிரட்டையில் பிடித்து, வெயில் ஏறியதும் சேர்த்துக்கொண்டு வருகிற வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு மரம். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவர். மகள் கலைச்செல்வி கேகாலையில் உயர்தரம் படிக்கிறாள். ஒரு நாள் பள்ளிக்கூடப் படிவம் ஒன்றை நிரப்பும்போது, ‘தாயின் கல்வித் தகைமை’ என்ற இடத்தில் அவள் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அக்கா பக்கத்தில் இருந்து பார்த்தார். அடுத்த சனிக்கிழமை பின்னேரம் சாதாரண தரப் பரீட்சைக்கான தமிழ் வகுப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வகுப்பில்தான் நானும் இருந்தேன். பெயர் அப்ஹம், வயது பதினேழு. கணிதத்தில் தோற்றதை வாப்பா மன்னித்தார். தமிழில் தோற்றதை மன்னிக்கவில்லை. கடைப் போர்டில் மூன்று மொழியிலும் ‘அப்ஹம் ஸ்டோர்ஸ்’ என்று பெரிதாக எழுதி வைத்திருப்பவர் அவர். "போர்டக் கழட்டப் போறன்" என்று மூன்று நாள் சொன்னார். பஸாரில் இரண்டு டியூஷன் வகுப்பு இருக்கிறது. இரண்டிலும் என்னை எடுக்கமாட்டார்கள். காரணம் ஒட்டுப்பால். மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் றப்பரை உருட்டி மூன்று நாள் வைத்தால் செத்த எலி நாற்றம் அடிக்கும். அதை அங்கே படிப்பிக்கிற ஒரு சேரின் ஹெல்மெட்டுக்குள் யாரோ வைத்துவிட்டார்கள். அந்த யாரோ நான்தான். எனவே மலைக்கு அனுப்பப்பட்டேன்.

வகுப்பு நடப்பது தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில். வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்வார்கள். கதிரைகளும் குழந்தைகளுக்கு உரியவை. பதினொரு பேரும் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு இலக்கணம் படித்தோம்.

முதல் வாரமே அக்காவிடம் என் கைவரிசையைக் காட்டினேன். ஃபோனில் நம்பரை மறைத்து, குரலை மாற்றி, கொழும்பு வானொலியிலிருந்து பேசுவதாகவும் அவருக்கு வோஷிங் மெஷின் பரிசு விழுந்திருப்பதாகவும் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷங்க சார். ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளுங்கள் சகோதரி."

"கொழும்பு ரேடியோவுல நம்ம பஸார் மீன்காரரு என்னா செய்யிறாரு? பின்னால கத்துறாரே."

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும், "வாங்க, வோஷிங் மெஷின்" என்றார். இன்றுவரை தோட்டத்தில் எனக்கு அதுதான் பெயர்.

எங்கள் ஸுமைரா டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். "நம்ம பகுதியில விடை கிடைக்காத ஒரு கேள்விய எடுங்க. தேடிப் போய் ஆறு பக்கம் எழுதுங்க. நெட்ல இரிக்கிறதப் பார்த்து எழுதினா கிழிச்சிப் போடுவன்." நான் எடுத்த கேள்வி, ருவான்வெல்லை பஸ் ஏன் எனக்காக மட்டும் நிற்பதில்லை என்பது. அக்கா எழுந்து நின்று, "லயத்தான் எப்புடிச் செத்தான்னு எழுதப் போறேன் டீச்சர்" என்றார். மற்ற எல்லோருடைய முழங்கால்களும் ஆடாமல் நின்றன.

லயத்தானின் பாட்டைத் தெரியாதவர்கள் த்ரீவீல் ஆட்டோவில் ஏறாதவர்களாக இருக்க வேண்டும். சொந்தப் பெயர் தனுஷன். மூன்றாம் லயத்தில் பிறந்து, பால் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டு ராப் பழகியவர். தமிழில் தொடங்கி, நடுவில் சிங்களத்துக்குப் பாய்ந்து, திரும்பத் தமிழில் வந்து முடிப்பார். ‘வாளி என்னோடது பால் உன்னோடது, விடியிற பொழுதாச்சும் என்னோடதா சொல்லு’ என்ற அவருடைய வரியை நான் ஒன்பது வயதில் கணிதக் கொப்பி முழுக்க எழுதி வைத்திருந்தேன். கணிதத்தில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். கடைசி வருடத்தில், மலையிலிருந்து களவாக மரம் ஏற்றிப் போகிற லொறிகளைப் பற்றி மூன்று பாட்டுப் போட்டார். லொறி நம்பர்கள் அழகாக எதுகையில் விழுந்தன. மூன்றாவது பாட்டு வந்த மாதம், ஆறாம் நம்பர் மலையில் பாறைக்குக் கீழே கிடந்தார். இருபத்துமூன்று வயது. இது நடந்து எட்டு வருடம். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தார் என்று விசாரணை முடிந்தது. நெட்டில் அதற்குப் பிறகு நூறு கதை. எல்லாம் பெயர் இல்லாத ஆட்கள் எழுதியவை.

"அக்கா, இது ஆபத்து. வேறொன்னு எடுங்க" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

"நான் கொன்னவனத் தேடப் போகல தம்பி. அது பொலிஸ் வேல. அந்தக் கருப்பாயி அம்மாவுக்கு ஒரு காயிதம் வேணும். அவ்வளவுதான்."

கருப்பாயி அம்மா லயத்தானின் தாய். அக்காவுக்கு அடுத்த காம்பரா. எட்டு வருடமாகப் பீலியடிக்குத் தண்ணீருக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், ‘குடிச்சிட்டு விழுந்தவனோட அம்மா’ என்றுதான் பெயர். அதனால் எல்லோரும் வந்து போன பிறகுதான் வாளியோடு இறங்குவார். மகன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை என்று அவர் சொன்னால், எல்லாத் தாயும் அப்படித்தான் சொல்வாள் என்பார்கள். குடித்து விழவில்லை என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும், அரசாங்கம் அதைப் பதிய வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அதுதான். ஆறு பக்கக் கட்டுரை அதற்கு ஒரு சாட்டு.

விசாரணை முடிவின் பிரதி ஒன்று கருப்பாயி அம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. முழுவதும் சிங்களம். லயத்தில் எல்லோரும் சிங்களம் பேசுவார்கள், சண்டையும் பிடிப்பார்கள், வாசிக்கமாட்டார்கள். நான் அரைகுறையாகப் படித்தவன்தான். ஆனால் பஸாரில் வளர்ந்ததால் சிங்களம் எழுத்தும் வரும். எட்டு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காகிதம் அந்தக் காம்பராவில் சத்தமாக வாசிக்கப்பட்டது. வாசித்தவன் ஒரு வோஷிங் மெஷின்.

இரத்தத்தில் சாராயம் இருந்ததா என்று அதில் ஒரு வரி இல்லை. ஒரே ஒரு சாட்சி இருந்தது. ‘காலை ஆறரை மணிக்கு ஆறாம் நம்பர் மலையில் பாறையோரம் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். அப்போது இவர் போத்தலோடு தனியாகத் தள்ளாடிக்கொண்டு பாறையில் ஏறுவதைக் கண்டேன்.’ சொன்னவர் செல்லையா. அன்றைக்குப் பால் வெட்டுகிறவர். இன்றைக்கு மேக்கணக்குக் கங்காணி. அக்காவுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவரே அவர்தான்.

கருப்பாயி அம்மா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா ஒரு கேள்விதான் கேட்டார். "பால் வெட்டிக்கிட்டிருந்தேன்னா இருக்கு? திரும்ப வாசி." திரும்ப வாசித்தேன். "சரி. அன்னிக்கு அவன் போட்ட வீடியோ ஒங்கிட்ட இருக்கா?"

யாரிடம்தான் இல்லை? செத்த அன்று காலை ஆறு ஐம்பதுக்கு, பாறையோரத்தில் நின்று நேரலையாகப் போட்ட நாற்பது வினாடி. ஒன்பது லட்சம் பேர் பார்த்தது. என் ஃபோனில் போட்டேன்.

"அவர்ட மூஞ்சியப் பாருங்க அக்கா. பயந்த மாதிரி இரிக்கி. கொமெண்ட்ல எல்லாரும் அதத்தான் எழுதியிருக்காங்க."

"மூஞ்சிய விடு. பின்னால பாரு."

"பின்னால மரம்."

"மரத்துல?"

"சிரட்டை."

"செரட்ட எப்புடி இருக்கு?"

பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் கவிழ்ந்திருந்தன.

பஸார்ப் பையனுக்கு இது விளங்காது என்று அவருக்குத் தெரியும். மெதுவாகச் சொன்னார். பால் சேர்த்து முடிந்ததும் சிரட்டையைத் துடைத்துக் கம்பியில் கவிழ்த்துவிட்டு வருவார்கள். மழைத் தண்ணீர் தேங்கக் கூடாது. அடுத்த நாள் அந்த மரத்தின் பட்டையைச் சீவிய கையோடுதான் நிமிர்த்துவார்கள். நிமிர்ந்த சிரட்டை என்றால் ஆள் வந்துபோன மரம். கவிழ்ந்த சிரட்டை என்றால் அன்றைக்கு இன்னும் யாரும் தொடாத மரம்.

"வேற பக்கத்தில இருந்து வெட்டிட்டு வந்திருக்கலாமே" என்றேன். வாதத்துக்காக.

"பாறையோரமா வெட்டினேன்னு அவருதான சொல்லியிருக்காரு. ஆறாம் நம்பருல மொத வரிசையே அதுதான். நான் மூணு வருசம் வெட்டின மல." பிறகு திரையில் நகத்தால் தட்டினார். "பட்டையப் பாரு. கறுப்பா மினுங்குது. ஈரம். ஈரப் பட்டையில கத்தி வச்சா பால் செரட்டைக்கு வராது, மரத்துல பரவி ஓடிரும். மழ பேஞ்ச காலையில ஒருத்தரும் வெட்டப் போறதில்ல. அவரு அன்னிக்கு அந்த மலையிலயே இல்ல தம்பி. தெனமும் செய்யிற வேலயச் சொன்னா யாரும் சந்தேகப்படமாட்டாங்கன்னு வாயில வந்ததச் சொல்லியிருக்காரு."

ஒன்பது லட்சம் பேர் பார்த்த வீடியோ. லயத்துக்காரர்களுக்குச் சிரட்டை தெரியும், செல்லையா எழுதிக் கொடுத்தது தெரியாது. விசாரித்தவர்களுக்குச் செல்லையா சொன்னது தெரியும், சிரட்டை தெரியாது. இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துப் பார்க்க ஒரு தமிழ்ப் பாட ஒப்படை தேவைப்பட்டிருக்கிறது.

அக்கா அந்த நாற்பது வினாடியை அறுபது தடவையாவது பார்த்தார். என் டேட்டாவில்தான். படத்தில் தெரிந்த பதினேழு மரத்தையும் எண்ணி, எது எந்த வரிசை என்று கொப்பியில் கீறினார். தோட்டத்தில் ஒரு செய்தி லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக, ஒருவர் தும்முகிற நேரம் போதும். திங்கட்கிழமை காலை, வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் செல்லையா கங்காணி எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறார்.

"என்ன குமாரி, கத எழுதுறியாமே."

"கத இல்லீங்க கங்காணி. கட்டுர."

"நாளையிலேர்ந்து ஒம்பதாம் நம்பர் மலைக்குப் போ. ஒனக்கு அதுதான் சரி."

ஒன்பதாம் நம்பர் என்றால் செங்குத்து. மரமெல்லாம் கிழடு. அட்டைகள் வரிசையில் நின்று வரவேற்கும்.

"சரிங்க. அங்க சிக்னல் நல்லா இருக்கும்" என்றாராம் அக்கா. பெரட்டில் நின்ற ஐம்பது பேரும் சிரிப்பை வாளிக்குள் மறைத்துக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அவர் காலில் அட்டைக் கடி. அட்டைக்குப் போட நான் கடையிலிருந்து ஒரு பைக்கெட் உப்பு எடுத்துக்கொண்டு போனேன். வாப்பா கேட்டதற்கு, விஞ்ஞானப் பரிசோதனைக்கு என்றேன்.

கட்டுரை வாசிக்கிற சனிக்கிழமை டீச்சர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "புனைபெயர் ஒன்னு போடுவமா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார், இல்லை என்று. "எட்டு வருசமா பேர் இல்லாதவங்கதான் டீச்சர் பேசினாங்க. பேர் இல்லாத காயிதத்த யாரும் எடுத்து வைக்கமாட்டாங்க. என் பேருதான் இருக்கணும்."

வாசிக்கத் தொடங்கியபோது செல்லையா கங்காணி வாசலில் வந்து நின்றார். டீச்சர் உள்ளே வரச் சொல்லி ஒரு குழந்தைக் கதிரையைக் காட்டினார். ஆறடி மனிதர். உட்காரவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, விட்ட வரியிலிருந்து வாசித்தார். பதினேழு மரத்தையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். முடிந்ததும் கங்காணி கேட்டார்.

"எட்டு வருசத்துக்கு முன்னால மழ பேஞ்சிச்சா இல்லையான்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கும் ஞாபகம் இல்லீங்க. செரட்டைக்கு இருக்கு."

"நான் பாத்ததத்தான் சொன்னேன்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

சுவரில் குழந்தைகள் வரைந்த யானை ஒன்று இருந்தது. கங்காணி அதையே பார்த்தார்.

"யாரு அப்புடிச் சொல்லச் சொன்னது?" அக்கா இதை மெதுவாகக் கேட்டார். பெரட்டில் பேசுகிற குரல் இல்லை.

"எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு குமாரி" என்றார். பிறகு குனிந்து வாசலைத் தாண்டிப் போனார். வாசல் அவ்வளவு தாழ்வு இல்லை. ஆனாலும் குனிந்தார்.

மற்றவர்கள் அந்த நேரத்தில் அக்காவைப் பார்த்திருப்பார்கள். நான் கங்காணியின் முதுகைப் பார்த்தேன். எட்டு வருடத்துக்குப் பிறகும் ஆறடி மனிதரைக் குனிய வைக்கிற யாரோ ஒருவர் இன்னும் எங்கேயோ இருக்கிறார். அவருக்கு ஏழாவது காம்பரா எது என்று தெரிவதற்கு ஒரு காகிதமும் ஒரு பெயரும் போதும். அதற்குப் பிறகு டீச்சர் எனக்கு என்ன சொன்னார் என்று ஞாபகம் இல்லை. என் பஸ் கட்டுரையைக் கிழித்தார் என்று மட்டும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மழை. வேலை இல்லை. அக்காவும் கருப்பாயி அம்மாவும் நானும் கட்டுரையையும் வீடியோவையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வீடியோவை இரண்டு தடவை பார்த்தார். அவருடைய மாமியார் வீட்டில் நாலு ஏக்கர் றப்பர் இருக்கிறதாம், சிரட்டைக் கதை உடனே விளங்கிவிட்டது. ஆனால் தமிழ் வாசிக்கிற ஒரே ஆள் லீவு. "சிங்களத்தில் எழுதிக் கொண்டுவாருங்கள். முறைப்பாட்டாளரின் பெயரும் அடையாள அட்டை நம்பரும் இருக்க வேண்டும். இன்றைக்கே பதிந்து, மேலே அனுப்புகிறேன்" என்றார்.

கடைக்கு வந்தோம். வாப்பா இரண்டு பேருக்கும் பிளேன்டீ கொடுத்து, கதிரை போட்டு உட்கார வைத்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் நின்று எழுதினேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. இரண்டு பக்கம். முடிந்ததும் அக்கா, "சத்தமா வாசி" என்றார். வாசித்தேன். பெயர் வருகிற இடத்தில் கிருஷ்ணகுமாரி என்று ராகமாகவே வாசித்தேன். கருப்பாயி அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். அக்கா கேட்டார், சரி என்றார், காகிதத்துக்குக் கை நீட்டினார்.

"நான் போட்டோகொப்பி எடுத்துட்டுத் தாறனே அக்கா."

"குடு தம்பி."

சேலை இடுப்பிலிருந்து ஒரு சின்னப் பையை எடுத்தார். அதற்குள் பழைய அடையாள அட்டை, பெயர் சிங்களத்தில் மட்டும் எழுதியது. அதைக் காகிதத்தின் மேல் வைத்து, அதே எழுத்துகளைத் தேடி, வரி வரியாக இறக்கிக்கொண்டே போனார். வீடியோவில் மரத்தை எண்ணிய அதே விரல். இரண்டாம் பக்கம் வரை வந்து நின்றது.

"வாசிக்கும்போது என் பேரு இருந்திச்சி. பேப்பருல இல்லையே."

"இடம் போதல அக்கா."

அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில், முறைப்பாட்டாளர் என்று எழுதி நான் பெயர் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, ரோட்டுக்கு இறங்கி, மழையில் நின்று, அண்ணாந்து எங்கள் கடைப் போர்டைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி போர்டைப் பார்த்தார். அங்கே சிங்களத்தில் இருந்த என் பெயரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். வாப்பாவும் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். எனக்குக் கண்ணுக்குள் ஏதோ விழுந்தது, மழைத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும், நான் கடைக்குள் நின்றிருந்தாலும்.

அக்கா படியேறி வந்து, காகிதத்தைக் கல்லாவில் வைத்து, என் காதில் செருகியிருந்த பேனையை உருவி, என் கையில் கொடுத்தார்.

"ஒன் பேர வெட்டிட்டு என் பேர எழுது. கீழ, மொழிபெயர்த்தவன்னு ஒன் பேரப் போட்டுக்க." பிறகு வாப்பாவுக்குக் கேட்காத மாதிரிக் குனிந்து சொன்னார். "தமிழுல ஃபெயிலானாலும் சிங்களத்துல நல்லாத்தான் பொய் எழுதுற, வோஷிங் மெஷின்."